இருவர் ஏறும் வண்டி: மோட்டார் சைக்கிள் பயணம் தொடங்கும் தம்பதியருக்கு ஒரு வழிகாட்டி

கடைக்கும் கோயிலுக்கும் ஒரே வண்டியில் போய்வரும் தம்பதியர் நம் ஊரில் எத்தனையோ பேர் உண்டு. போய்ச் சேர வேண்டிய வேலை எதுவும் இல்லாமல், ஓட்டும் இன்பத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமை விடியலில் வண்டியை வாசலுக்குத் தள்ளுவது வேறு வகைப் பழக்கம். அதற்கு வேறு வகையான ஆயத்தமும் தேவைப்படுகிறது. நானும் என் கணவரும் சேலத்தில் வசிக்கிறோம். முதல் மூன்று ஆண்டுகள் நான் பின்னிருக்கையில் மட்டும் அமர்ந்து பயணம் செய்தேன். பிறகு உரிமம் எடுத்து எனக்கென ஒரு வண்டியை வாங்கிக்கொண்டேன். இரண்டு இருக்கைகளின் வலியும் தெரிந்தவள் என்ற முறையில், தொடங்க நினைப்பவர்களுக்காக இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முன்னிருக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பின்னால் இருப்பவரின் ஒவ்வோர் அசைவும் ஹேண்டில்பாருக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே பின்னிருக்கைக்கும் தனியே ஒரு பயிற்சி வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, விழுந்த பிறகே தெரிந்துகொண்டோம்.

முதற்படி: வண்டிக்கு முன் பேச்சு

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பு இருவரும் அமர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். எவ்வளவு வேகம் வரை இருவருக்கும் மனம் ஒப்புகிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இருக்கையில் இருக்க முடியும், பின்னால் இருப்பவர் பின்னாளில் தானும் ஓட்ட விரும்புகிறாரா என்பவையே அவை. வேகத்தைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் ஒரே விதிதான் உண்டு: இருவரில் யாருக்குக் குறைந்த வேகம் போதுமோ, அதுவே அன்றைய வேகம். பின்னால் இருப்பவர் மெதுவாகப் போகச் சொன்னால் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும், காரணத்தை டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம். ஒருவருடைய ஆசைக்காக மற்றவர் பல்லைக் கடித்துக்கொண்டு வரும் பயணம் இரண்டாவது மாதத்திலேயே நின்றுபோவதைத் தெரிந்தவர்கள் சிலரிடம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: காகிதங்கள்

இந்தப் பகுதி சுவையற்றது என்று தாண்டிப் போகாதீர்கள். பெரும்பாலான தம்பதியர் கோட்டைவிடுவது இங்கேதான்.

முதலில் உரிமம். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கான உரிமத்தை வைத்துக்கொண்டு கியர் வண்டியை ஓட்டக் கூடாது. இரண்டும் தனித்தனி வகை. நீண்ட பயணத்தில் ஒருவருக்குக் கை வலித்தால் மற்றவர் சிறிது தூரம் ஓட்டலாம் என்ற எண்ணம் இருந்தால், இருவரிடமும் கியர் வண்டிக்கான உரிமம் இருக்க வேண்டும்.

அடுத்தது காப்பீடு. சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் எடுத்திருந்தால், பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு நேரும் காயத்துக்கு அது பொறுப்பேற்காது. உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. பேக்கேஜ் பாலிசி எனப்படும் முழுக் காப்பீட்டில்தான் பின்னால் இருப்பவருக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. இதில் ஒளிந்திருக்கும் சிக்கலைக் கவனியுங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கும் புதிய இருசக்கர வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆனால் வண்டியின் சேதத்துக்கான பகுதியைப் பலர் ஓராண்டுக்கு மட்டும் எடுக்கிறார்கள். முதலாண்டு முடிந்ததும் அந்தப் பகுதி காலாவதியாகிவிட, மீதி நான்கு ஆண்டுகளும் "இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்ற நிம்மதியில் மனைவியையோ கணவரையோ பாதுகாப்பின்றி ஏற்றிச் செல்கிறார்கள். கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடான 15 லட்சம் ரூபாயும், உரிமம் வைத்திருக்கும் உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டுமே உரியது. ஆர்.சி. கணவர் பெயரில் இருந்து வண்டியை மனைவி ஓட்டினால் அந்தத் தொகை மனைவிக்குப் பொருந்தாது. பின்னால் அமர்பவருக்கென்று சிறு கூடுதல் கட்டணத்தில் தனிநபர் விபத்துப் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். புதுப்பிக்கும்போது கேட்டு வாங்குங்கள். அத்தொகை ஒரு நேர ஓட்டல் சாப்பாட்டுச் செலவைத் தாண்டினாலும் தயங்க வேண்டாம்.

மூன்றாம் படி: வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

ஷோரூமுக்கு இருவரும் சேர்ந்து போங்கள். ஒருவர் மட்டும் போய் வாங்கிவந்து வாசலில் நிறுத்தி வியப்பூட்டும் வண்டி, பின்னிருக்கையில் அமர்பவரைப் பெரும்பாலும் ஏமாற்றிவிடுகிறது.

எடையை ஒரு கணக்காகப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. ஓட்டுபவர் 70 கிலோ, பின்னால் இருப்பவர் 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 325 கிலோ. பின்னால் இருப்பவருடைய பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஏறத்தாழ 112 கிலோ எடையுள்ள நூறு சி.சி. வண்டியில் அதே இருவர் ஏறினால் மொத்தம் 242 கிலோ. பின்னால் இருப்பவரே அதில் கால் பங்கு. எடை குறைந்த வண்டியில் பின்னிருப்பவர் சற்று நெளிந்தாலும் வண்டி உணர்வது இதனால்தான். கனமான வண்டி சாலையில் நிதானமாக நிற்கும், ஆனால் நிறுத்தும்போதும் தள்ளும்போதும் அதே கனம் எதிரியாகிவிடும். இருவருமே ஓட்ட நினைத்தால் இருக்கையின் உயரத்தை முதலில் பாருங்கள். மீட்டியோர் 350 வண்டியின் இருக்கை தரையிலிருந்து 765 மி.மீ., ஹன்டர் 350 வண்டியில் 790 மி.மீ., கிளாசிக்கில் 805 மி.மீ. என்று இருக்கிறது. நாற்பது மி.மீ. என்பது நான்கு விரற்கடைகூட இல்லை. ஆனால் உயரம் குறைந்தவர் பாதத்தை முழுமையாக ஊன்றுவதா, நுனிவிரலில் தத்தளிப்பதா என்பதை அதுவே முடிவு செய்கிறது. முழுப் பாதமும் தரையில் படியாத வண்டியில் மனைவியோ கணவரோ பின்னால் ஏறும்போது ஏற்படும் தள்ளாட்டம் ஓட்டுபவரின் நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

பின்னிருக்கையில் குறைந்தது பத்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். முழங்கால் மிகவும் மடிகிறதா, கால்வைக்கும் கட்டைகள் இருபக்கமும் உறுதியாக உள்ளனவா, கைப்பிடிக் கம்பி விரல்கள் முழுவதும் சுற்றிக்கொள்ளும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பின்னிருக்கை உள்ள மோட்டார் சைக்கிளில் நிலையான கைப்பிடியும், கால்கட்டையும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைத்துத் துணி சிக்காமல் காக்கும் தடுப்பும் இருந்தாக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. நம் ஊரில் சாரி கார்டு என்று சொல்லும் அந்தத் தடுப்பை, அழகாக இல்லை என்று கழற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஒருபோதும் கழற்றாதீர்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகி வழுக்குவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். இப்போது கட்டாயம், பழைய வண்டி வாங்குவதானால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதைத் தேடுவது நல்லது.

நான்காம் படி: உடுப்பு

இருவருக்கும் ஒரே தரமான தலைக்கவசம் வேண்டும். முன்னால் இருப்பவருக்கு விலையுயர்ந்தது, பின்னால் இருப்பவருக்கு வழக்கு வராமலிருக்க ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் என்ற வழக்கத்தை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்று சொல்லி மாளாது. இருவரும் ஒரே வேகத்தில்தான் போகிறார்கள், விழுந்தால் ஒரே சாலையில்தான் விழுகிறார்கள். ஐ.எஸ். 4151 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற, முகத்தை முழுவதும் மூடும் தலைக்கவசத்தை வாங்குங்கள். அணிந்ததும் கன்னங்கள் சற்று அழுந்த வேண்டும். பட்டையைப் பூட்டிய பிறகு பின்பக்கத்திலிருந்து மேலே தூக்கினால் கழன்று வரக் கூடாது. அணியாவிட்டால் 1000 ரூபாய் அபராதமும், மூன்று மாதம் உரிமத்தைத் தகுதி நீக்கம் செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பின்னால் இருப்பவர் அணியாவிட்டாலும் அபராதம் உண்டு.

சேலையும் துப்பட்டாவும் தளர்ந்த வேட்டியும் இந்தப் பயணத்துக்கு உரியவையல்ல. ஒருபக்கமாக அமர்ந்தால் உடலின் எடை ஒரு பக்கமே விழுவதோடு, திடீரென்று பிரேக் பிடிக்கும்போது ஊன்றிக்கொள்ள இடமில்லாமல் போகிறது. கனமான ஜீன்ஸ் அல்லது பயணத்துக்கென்றே தைத்த முழுக்கால் சட்டை, தோளிலும் முழங்கையிலும் பாதுகாப்பு அட்டை வைத்த காற்றோட்டமுள்ள ஜாக்கெட், கணுக்காலை மூடும் ஷூ, கையுறை ஆகியவை இருவருக்கும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வசதியில்லையென்றால் தலைக்கவசம், கையுறை, ஷூ, ஜாக்கெட் என்ற வரிசையில் வாங்கலாம். விழும்போது நாம் முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கைகளைத்தான். கோடையில் ஜாக்கெட் புழுங்கும் என்பது உண்மை. உள்ளே அணியும் பருத்தி பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டால் ஓடும் வண்டியில் ஒரு மணி நேரம் வரை குளிர்ச்சியாக இருக்கும்.

ஐந்தாம் படி: வெற்று மைதானத்தில் இரண்டு ஞாயிறுகள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நெடுஞ்சாலைக்குப் போனவர்கள் நாங்கள். திரும்பி வந்துதான் இதைக் கற்றோம்.

ஏறுவதிலிருந்து தொடங்குங்கள். ஓட்டுபவர் இரண்டு கால்களையும் ஊன்றி, முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து, "வா" என்று சொன்ன பிறகே பின்னால் ஏற வேண்டும். ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் இடப்பக்கமாகவே இருக்கட்டும். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் இருப்பதால், மறந்து வலப்பக்கம் இறங்குபவரின் கெண்டைக்கால் சுடப்படுவது உறுதி. என் காலில் அந்த வடு இன்னும் இருக்கிறது. இறங்குவதற்கு முன்பு தோளில் தட்டி, பதிலுக்குத் தலையசைப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்து, அமரும் முறை. பின்னால் இருப்பவரின் தொடைகள் முன்னிருப்பவரின் இடுப்பை இலேசாக அணைத்திருக்க, ஒரு கை கைப்பிடிக் கம்பியிலும் மற்றொரு கை ஓட்டுபவரின் இடுப்பிலும் இருப்பது எங்களுக்கு நன்றாகப் பழகியிருக்கிறது. தோளைப் பிடித்துத் தொங்கினால் அந்த இழுப்பு நேராக ஹேண்டில்பாருக்குப் போகும். பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னுக்குச் சரிந்து, இரண்டு தலைக்கவசங்களும் டொக் என்று மோதிக்கொள்ளும். கால்கட்டைகளில் எடையை ஊன்றி, கம்பியைப் பிடித்த கையால் உடலை நிறுத்தப் பழகினால் அந்த மோதல் நின்றுவிடும். மைதானத்தில் முப்பது கி.மீ. வேகத்தில் போய் நிறுத்துவதை, அலுக்கும் வரை செய்து பாருங்கள். பின்னால் ஆள் இருக்கும்போது வண்டி நிற்பதற்குக் கூடுதல் தூரம் தேவைப்படுவதை உடலே உணர்ந்துகொள்ளும். அறுபது கி.மீ. வேகத்தில் ஒரு வினாடியில் வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது. கண் பார்த்துக் கை பிரேக்கைத் தொடுவதற்குள் கடந்துவிடும் தூரம் அது. பிரேக் அதற்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகிறது.

வளைவில் பின்னால் இருப்பவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு, அதுவே கடினமும்கூட. வண்டி சாயும்போது பயத்தில் எதிர்ப்பக்கம் நிமிரக் கூடாது. உதவுவதாக நினைத்து அதிகமாகச் சாயவும் கூடாது. இடப்பக்க வளைவில் ஓட்டுபவரின் இடத்தோளுக்கு மேலாகவும், வலப்பக்க வளைவில் வலத்தோளுக்கு மேலாகவும் சாலையைப் பார்த்தால் உடல் தானாகவே அளவாகச் சாய்ந்துகொள்ளும். ஓட்டுபவர் கற்க வேண்டிய ஒன்றும் உண்டு: வேகமாக ஓடும் வண்டியை இடப்பக்கம் திருப்ப இடப்பக்கக் கைப்பிடியை மெல்ல முன்னுக்குத் தள்ள வேண்டும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும் எல்லோரும் அறியாமலேயே செய்வது இதைத்தான். அறிந்து செய்யும்போது கனத்த வண்டியும் சொன்னபடி கேட்கிறது.

இவற்றைப் பழகிய பிறகு இருவருமாக எட்டுப் போடுங்கள். ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துபோன அந்த எட்டைப் போல, இருவருக்கும் ஒருசேரப் பயிற்சி தருவது வேறில்லை. பின்பிரேக்கை இலேசாக அழுத்தி, கிளட்சைப் பாதி விட்டு, பார்வையை எட்டின் அடுத்த வளைவில் வைத்து, கால் ஊன்றாமல் பத்து எட்டுகள் போட முடிந்த அன்று உங்கள் இருவருக்கும் மலைப்பாதைக்கான தகுதி பாதி வந்துவிட்டது.

கடைசியாகச் சைகைகள். "ஏங்க, கொஞ்சம் மெதுவா" என்று காற்றிலும் தலைக்கவசத்திலும் மூழ்கிப்போன என் குரல்களை எண்ணினால் ஒரு மூட்டை தேறும். இடுப்பில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் வசதியான இடத்தில் நிறுத்த வேண்டும், விடாமல் தட்டினால் உடனே ஓரங்கட்ட வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். ஓட்டுபவர் முழங்காலில் தட்டினால் முன்னால் மேடுபள்ளம் வருகிறது என்று பொருள். வேகத்தடையைப் பின்னால் இருப்பவரால் பார்க்க முடியாது. முன்னறிவிப்பு இல்லாமல் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடையும் அவருடைய முதுகெலும்பில்தான் எழுதப்படுகிறது.

ஆறாம் படி: முதல் பயணங்கள்

முதல் பயணம் போகவர நூறு கி.மீ.க்குள் இருக்கட்டும். நாங்கள் ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூருக்குப் போனோம். விடியலில் கிளம்பி, அணைக்கருகே மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிட்டோம். சென்னையில் இருப்பவர்களுக்கு மாமல்லபுரம் இதே அளவு தூரம். முதல் பயணத்திலேயே புதுச்சேரி வரை ஏறத்தாழ 150 கி.மீ. போய்விட்டு, மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடப்பதில் பெருமை ஏதுமில்லை.

கிளம்புவதற்கு முந்தைய மாலையில் டயரின் காற்றைப் பாருங்கள். ஒருவர் போகும்போது வேண்டிய அழுத்தமும் இருவர் போகும்போது வேண்டிய அழுத்தமும் வேறு வேறு. கையேட்டில் இரண்டும் தனித்தனியே தரப்பட்டிருக்கும். பெட்ரோல் பங்க்கில் "வழக்கம்போல" என்று சொன்னால் கிடைப்பது பெரும்பாலும் இரண்டில் எதுவுமாக இருக்காது. பின் ஷாக் அப்சார்பரை ஒன்றிரண்டு படி இறுக்கிவையுங்கள். இறுக்காவிட்டால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முகப்பு விளக்கு மேல்நோக்கி எழும்பி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். செயினின் தளர்வையும் ஆள் ஏறினால் மாறும் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். சுமைகளில் கனமானவை கீழேயும் நடுவிலும் இருக்க வேண்டும். பின்னிருப்பவரின் முதுகுக்குப் பின்னால் உயரமாகக் கட்டும் பை, வண்டியின் மூக்கைத் தூக்கிவிடும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். முன்னால் இருப்பவருக்கு ஓட்டும் சுறுசுறுப்பு களைப்பை மறைக்கும், பின்னால் இருப்பவருக்கு அப்படி எதுவுமில்லை. தாகம் எடுக்கும் முன்பே மோரோ இளநீரோ குடியுங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது; இடப்பக்க ஓரத்தில் தனிவழி இருக்கும், அதில் மெதுவாகப் போங்கள், எண்ணெய் சிந்தியிருக்கும். பெங்களூரு – மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. அங்கே போகிறவர்கள் பக்கவாட்டுச் சாலையையே பயன்படுத்த வேண்டும்.

ஏழாம் படி: மலைப்பாதை

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு வீட்டு மாடி போல. ஏறத்தாழ 30 கி.மீ. தூரம், 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் மலைக்கு இதுவோ, 14 வளைவுகள் கொண்ட ஏலகிரியோ, 18 வளைவுகள் கொண்ட சிறுமலையோ பொருத்தம். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. இந்த எண்ணிக்கைகளைப் பதக்கம் போலச் சேகரிக்கும் ஆர்வம் இளையவர்களிடம் அதிகம் இருக்கிறது. கொல்லிமலையை முதல் ஆண்டில் தொடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. எழுபது வளைவுகள் ஏறுவது பெரிய காரியமில்லை. களைத்த மணிக்கட்டோடு அதே எழுபதை இறங்குவதுதான் காரியம்.

ஏற்காட்டில் நாங்கள் விழுந்த கதை இங்கே பயன்படும். ஒரு வலப்பக்கக் கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பேருந்து இறங்கியது. என் கணவர் வளைவின் நடுவிலேயே வண்டியை நிறுத்தி, பழக்கத்தால் வலக்காலை ஊன்றப் போனார். வளைவின் உட்பக்கம் சாலை சரிந்து கீழே கிடந்ததால் காலுக்குத் தரை எட்டவில்லை. அதே நொடியில் நான் பயந்துபோய், சொல்லாமல் இறங்க எழுந்தேன். வண்டி மிக மெதுவாக, வாழைமரம் சாய்வது போலச் சாய்ந்தது. பெரிய காயம் எதுவும் இல்லை. முன்பிரேக் பிடி வளைந்தது, பேருந்து ஓட்டுநர் இறங்கிவந்து வண்டியைத் தூக்கித் தந்தார். அன்று இரண்டு பாடங்கள் கிடைத்தன. வளைவில் நிற்க நேர்ந்தால் மேடான பக்கத்துக் காலையே ஊன்ற வேண்டும். பின்னால் இருப்பவர் வண்டி சாய்ந்தாலும் கால்கட்டையிலேயே இருக்க வேண்டும்.

அதைவிட மேலானது, வளைவுக்குள் நிற்க நேராமல் பார்த்துக்கொள்வது. பேருந்து கொண்டை ஊசியில் திரும்பச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். ஆகவே வளைவுக்குச் சற்றுக் கீழேயே, நேரான பகுதியில் ஓரமாக நின்று ஒலியெழுப்பி, மேலே பார்த்துவிட்டு நுழையுங்கள். ஏறும் வாகனத்துக்கு முன்னுரிமை என்பது விதி. ஆனால் கனரக வாகனத்திடம் விதியை எடுத்துரைக்கும் இடம் மலைப்பாதையன்று. வளைவுக்கு முன்பே வேகத்தையும் கியரையும் குறைத்துவிட்டு, உள்ளே நுழைந்ததும் ஆக்சிலேட்டரைச் சீராக வைத்திருங்கள். இருவர் எடையில் வண்டி பாதியில் திணறினால் கிளட்சைப் பிடிக்க வேண்டியிருக்கும், அங்கேதான் சமநிலை போகும்.

இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு பெட்ரோலை மிச்சப்படுத்துவது நம் ஊரின் கெட்ட பழக்கங்களில் ஒன்று. எஞ்சினின் தடை இல்லாமல் முழுச்சுமையையும் பிரேக் தாங்க நேர்ந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். கல்லட்டி வழியாக உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுப் பாதையில் வெளியூர் வாகனங்கள் இறங்கக் கட்டுப்பாடு வந்ததற்கு, அடிக்கடி நேர்ந்த விபத்துகளே காரணம். இறக்கத்தில் பின்னால் இருப்பவர் முன்னுக்கு வழுக்கிக்கொண்டே வருவார். இருவருக்கும் நடுவில் ஒரு சிறு பையை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை ஒருமுறை முயன்று கைவிட்டோம். கால்கட்டையில் ஊன்றுவதற்கு ஈடாக எதுவும் இல்லை.

கிளம்புமுன் அனுமதிகளையும் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது. 27 வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் பந்திப்பூர்க் காட்டுச்சாலையிலும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. பந்திப்பூரில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வழி மூடப்படுகிறது. மாலையில் யானை நடமாடும் பாதையில் இருசக்கர வண்டியில் இருப்பதே தவறு என்பதால், நான்கு மணிக்குள் காட்டுப்பகுதியைத் தாண்டிவிடும்படி திட்டமிடுங்கள்.

எட்டாம் படி: பருவமும் சாலையும்

கொங்குப் பகுதியிலும் சமவெளியிலும் பொங்கல் முடிந்து மாசி வரையிலான காலமே இதற்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைச்சாலைகளில் மண் சரியும். ஆனி, ஆடியில் வால்பாறையும் நீலகிரியும் நனைந்துகொண்டே இருக்கும். மழை தொடங்கிய முதல் பத்து நிமிடங்களே மிக வழுக்கலானவை, சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் கரைகின்றன. டீக்கடையில் ஒதுங்கி அது கழுவப்படும் வரை காத்திருங்கள். தை, மாசியில் காவிரிப் படுகைச் சாலைகளில் நெல் காயவைத்திருப்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கேழ்வரகுத் தாளையும் கொள்ளையும் வண்டிகள் மிதிப்பதற்காகச் சாலையில் பரப்புவார்கள். தானியத்தின் மேல் பிரேக் பிடிப்பது மணலில் பிடிப்பதைப் போன்றது. தாள் செயினிலும் சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து, ஹேண்டில்பாரை நேராக வைத்துக் கடந்துவிடுங்கள். உழவரிடம் சண்டை போட்டு என்ன பயன்?

ஒன்பதாம் படி: இரண்டாவது வண்டி

பின்னிருக்கையிலிருந்து முன்னிருக்கைக்கு வர விரும்புகிறவர் கற்றுக்கொள்வதைத் தன் துணையிடம் தொடங்க வேண்டாம். கணவன் மனைவிக்குக் கிளட்ச் சொல்லித்தரும் காட்சி பெரும்பாலும் கோபத்தில் முடிகிறது. எங்கள் வீட்டில் மூன்றே நாளில் முடிந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியோ, பொறுமையுள்ள உறவினரோ நல்லது. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். அந்தக் காலத்தில் வண்டியில் "எல்" எழுத்து இருக்க வேண்டும். கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது.

இரண்டு வண்டியாகப் போகும்போது அனுபவம் குறைந்தவர் முன்னால் செல்லட்டும். பின்னால் வைத்தால் அவர் துரத்திப் பிடிக்க முயன்று, தன் திறமைக்கு மீறிய வேகத்தில் போவார். ஒரே நேர்கோட்டில் போகாமல், முன்வண்டி தடத்தின் வலப்பாதியிலும் பின்வண்டி இடப்பாதியிலும் வந்தால் இருவருக்கும் முன்னால் பார்வை கிடைக்கும். இடையே இரண்டு வினாடி தூரம் வேண்டும், அறுபது கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 33 மீட்டர். வளைவுகளில் மட்டும் ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். முன்வண்டி ஒரு லாரியை முந்திவிட்டது என்பதற்காகப் பின்வண்டி உடனே முந்தக் கூடாது. ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்தே முந்த வேண்டும். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்பதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டு வண்டி வந்த பிறகு நாங்கள் ஒன்றை இழந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே வண்டியில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கிடந்த அந்தக் கதகதப்பு இப்போது இல்லை. அதனால் ஏற்காட்டுக்கு மட்டும் இன்றும் ஒரே வண்டியில் போகிறோம், ஏறும்போது ஒருவர் ஓட்ட, இறங்கும்போது மற்றவர் ஓட்டுகிறோம்.

பத்தாம் படி: எதிர்பாராதது நேர்ந்தால்

பஞ்சர் ஒட்டும் திரி, சிறு காற்றடிப்பான், கிளட்ச் கேபிள் ஒன்று, கட்டுத்துணி, வலி மருந்து, டார்ச் ஆகியவை இருக்கைக்கு அடியிலோ பையிலோ இருக்கட்டும். ஆர்.சி., காப்பீடு, உரிமம் ஆகியவற்றின் நகல் இருவர் கைபேசியிலும் இருக்க வேண்டும். இருவரின் இரத்தப் பிரிவையும், வீட்டில் இருக்கும் ஒருவரின் எண்ணையும் எழுதிய காகிதத்தை ஜாக்கெட்டின் உட்பையில் வைத்துக்கொள்ளுங்கள், கைபேசி உடைந்துபோகலாம். யாராவது விழுந்து கழுத்து வலிப்பதாகச் சொன்னால் தலைக்கவசத்தை அவசரப்பட்டு இழுத்துக் கழற்றாதீர்கள், மூச்சுக்கு இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு 108ஐ அழையுங்கள். 2021இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி, தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இது பொருந்தும்.

வீடு திரும்பிய பிறகு

அன்று மாலையே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், ஐந்நூறு கி.மீ.க்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை அது. எஞ்சின் சூடாக இருக்கும்போது தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். தலைக்கவசத்தின் உள்பஞ்சு கழற்றக்கூடியதாக இருந்தால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். நாங்கள் ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொரு பயணத்தையும் இருவருமாக எழுதிவைக்கிறோம். தூரம், போட்ட பெட்ரோல், எங்கே கை மரத்தது, எந்த டீக்கடையில் கழிப்பறை சுத்தமாக இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கடைசிக் குறிப்புத்தான் பெண்கள் அடுத்த பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் புரட்டும் பக்கம்; முதல் பயணத்திலிருந்தே எழுதத் தொடங்கிவிடுங்கள்.